அழுத்தமின் ஒத்ததிரியா, பரிவியா?

அன்புள்ள குழுவினருக்கு,

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான மின்திறன் மாற்றிப் பாடமொன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். அதில் 'பீசோஎலெக்ட்ரிக் ரெசனேட்டர்' என்பதற்குச் சொல் தேவை. மின்தூண்டியின் (இண்டக்டர்) பருமனைக் குறைக்கக் குறைக்க அதன் செயல்திறன் சரிவதால், ஆற்றலைக் காந்தப்புலத்தில் அன்றித் தன் உடலின் அதிர்விலேயே தேக்கும் பீங்கான் வில்லையை அதற்கு மாற்றாகச் சுற்றில் இடுகிறார்கள். என்னிடமுள்ள பட்டியலில் 'அழுமின் ஒத்ததிர்வி' என்றிருக்கிறது. அதையே கொள்ளலாமா?

*

ஐயா, வேண்டா. 'கேண்மின்' (கேளுங்கள்), 'வம்மின்' (வாருங்கள்) என்பவற்றைப் படித்தவருக்கு 'அழுமின்' என்றால் 'எல்லோரும் அழுங்கள்' என்றே பொருள்படும். தேர்வுக்கு முன்பே மாணவரை அழச் சொல்வானேன்? 'பீசோ'வுக்கு மூலமான கிரேக்க வினைக்கு அழுத்துதலோடு பிழிதல் என்ற பொருளும் உண்டு. ஆனால் 'பிழிமின்' என்றாலும் அதே ஏவல் விகுதிதான் வந்து நிற்கும். 'அழுத்தமின்' போதும். அதிர்வித்தல் பிறவினை, வில்லையோ தானே அதிர்வது. எனவே 'ஒத்ததிரி' என்பதே இலக்கணத்துக்குப் பொருந்தும்.

*

இலங்கைப் பாடநூல்களில் பயின்ற எங்களுக்கு ஒத்ததிர்வு (ரெசனன்ஸ்) என்பது 'பரிவு'. ஆகவே கருவி 'பரிவி'. பரிவு இரக்கமல்லவா என்று நகைப்போர், முரசு இரங்கும் என்னும் பழைய வழக்கில் இரங்கலே ஒலித்தலாகவும் நிற்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் இசைக்கவை அதிர மற்றொன்று தொடாமலே அதிர்வதைப் பரிவு என்றதில் என்ன பிழை?

*

சொல்லழகு இருக்கட்டும். 'மின்னழுத்தம்' படித்த மாணவரிடம் 'அழுத்தமின்' என்றால் இரண்டையும் குழப்பிக்கொள்வார். மேலும், 1880இல் கியூரி உடன்பிறந்தார் கண்டது அழுத்தத்தால் மின்னூட்டம் தோன்றுவதை. மின்னழுத்தத்தால் படிகம் உருமாறும் என்று அடுத்த ஆண்டு இயற்பியலாளர் லிப்மன் கணித்தார். மின்திறன் மாற்றியில் இவ்விரண்டும் ஒவ்வொரு சுழற்சியிலும் நிகழ்வதால், அழுத்தமின் என்பது பாதி உண்மையே. வில்லை மின்தூண்டிபோல் நடந்துகொள்வதும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்கும் எதிர் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்கும் இடைப்பட்ட குறுகிய பகுதியில் மட்டுந்தான். 'பீசோ' அடுப்பு லைட்டர்வரை வந்துவிட்ட சொல். 'பீசோ ஒத்ததிரி' என்றே எழுதுங்கள்.

*

அனைவருக்கும் நன்றி. 'பீசோ'வைப் பதிப்பாசிரியர் ஏற்கமாட்டார். பெரும்பாலோர் கருத்துப்படி 'அழுத்தமின் ஒத்ததிரி' என்று அனுப்புகிறேன். 'பரிவி' அடைப்புக்குறிக்குள் வரும்.

*

அடைப்புக்குறிக்குள் இருக்கப் பரிவிக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.