மறு: ‘மேசைக் குற்றவாளி’ சரியான சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஷ்ரைப்டிஷ்டேட்டர்’ என்ற ஜெர்மன் சொல், தன் கையால் யாரையும் தாக்காமல், அலுவலக மேசையில் இருந்தபடி சட்டம், ஆணை, கோப்பு வழியாகக் கொடுமை செய்தவரைக் குறிக்கும். அதற்குத் தமிழில் ‘மேசைக் குற்றவாளி’, ‘ஆணைவழிக் குற்றவாளி’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்கு இடறுகின்றன. ஏன் என்பதை ஹன்ஸ் குளோப்கே என்ற ஜெர்மன் அரசு அதிகாரியின் பணி வாழ்க்கையை வைத்துச் சொல்கிறேன்.

குளோப்கே சட்டம் படித்தவர். 1929இல் ஜெர்மனியின் பிரஷ்ய மாநில உள்துறை அமைச்சகத்துக்கு வந்தார். ஹிட்லர் காலத்திலும் உள்துறையிலேயே தொடர்ந்தார். நாஜிக் கட்சி உறுப்பினர்கூட அல்ல. ஆனால் யூதர்களின் உரிமைகளைப் பறித்த நூரெம்பெர்க் இனச் சட்டங்களுக்கு 1936இல் உள்துறை உயரதிகாரி வில்ஹெல்ம் ஸ்டுக்கார்ட்டுடன் சேர்ந்து விளக்கவுரை எழுதினார். யாரை யூதர் என்று கொள்வது, யார் யாரை மணக்கக் கூடாது என்றெல்லாம் வரி வரியாக விளக்கும் உரை அது. 1938இல் வந்த பெயர் ஆணையிலும் அவர் கை உண்டு. யூதப் பெயர்கள் என்று அரசு வகுத்த பட்டியலில் உள்ள பெயர் இல்லாத யூத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் சேர்த்தாக வேண்டும். ஒருவரைத் தனியே பிரித்தெடுக்க அடையாள அட்டை ஒன்றே போதும் என்றாயிற்று. யாரையும் அவர் கையால் தொடவில்லை.

போருக்குப் பிறகு அதே மனிதர் 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனி சான்சலர் அடேனாவர் அலுவலகத்தின் செயலர். 1963இல் கிழக்கு ஜெர்மனி நீதிமன்றம் அவர் இல்லாமலே விசாரித்து ஆயுள் தண்டனை விதித்தது. மேற்கில் தண்டனை எதுவும் இல்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘குற்றவாளி’ என்றால் தீர்ப்பு வந்துவிட்டது என்றே நம் வாசகர் எடுத்துக்கொள்வார். ஜெர்மன் சொல்லோ செயலைச் செய்தவரைச் சொல்கிறது, தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. ‘ஆணைவழி’ அதைவிட மோசம். ‘மேலிடம் சொன்னது, செய்தேன்’ என்பது இத்தகைய அதிகாரிகள் தங்களுக்காகச் சொல்லிக்கொண்ட சாக்கு. அதையே நாம் கலைச்சொல்லாக்கிக் கொடுக்கலாமா? குளோப்கே வெறுமனே ஆணையை நிறைவேற்றியவர் அல்ல, ஆணையை வரைந்தவர்.

என் பரிந்துரை ‘கோப்புவழிக் கொடுமையாளர்’. செயலைச் சொல்லும்போது ‘கோப்புவழிக் கொடுமை’. கோப்பு என்றால் இன்று கணினிக் கோப்பும் நினைவுக்கு வரும்தான். ஆனால் பக்கத்தில் ‘கொடுமை’ நிற்பதால் குழப்பம் வராது. இன்னும் சுருக்கமான சொல் கிடைத்தால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்கிறேன். ‘ஆணை’ மட்டும் வேண்டாம்.