எந்தக் கணவாய் வழியாக இறங்குகிறீர்களோ, அந்த ஏரி: ஐந்து நாள் இத்தாலிக்கு

சூரிக்குக்கு வந்து மூன்று மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐந்து நாள் விடுப்பில் இத்தாலியின் கோமோ, கார்தா, மஜோரே ஏரிகள் மூன்றையும் பார்த்துவிட்டு, தஸ்கனி மலையூர்களிலும் இரண்டு நாள் தங்க முடியுமா? முடியும், தம்பி. ஆனால் திரும்பி வந்தபின் நினைவில் நிற்பது ரயில் ஜன்னலும் பெட்டி இழுத்த கைவலியும்தான்.

ஒரே ஏரி போதும். அதை அழகை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், மூன்றும் அழகுதான். ஆல்ப்ஸை எங்கே கடக்கிறீர்கள் என்று பாருங்கள். சூரிக், பாசல்காரர்களுக்குக் கோத்தார்ட் வழி. மிலான் போகும் ரயில்கள் பல கோமோவிலேயே நிற்கும். பெர்ன், ஜெனீவாவிலிருந்து சிம்ப்ளான் சுரங்கம் வழியாக வருபவர்களுக்கு மஜோரே கரையில் ஸ்த்ரேசா. மூனிக்கிலிருந்து பிரென்னர் வழியாக இறங்கினால் வெரோனா. அங்கிருந்து கார்தாவின் தென்கரையிலுள்ள பெஸ்கியேரா ரயிலில் கால் மணி நேரம். யாருக்கு எது வழியில் இருக்கிறதோ அதுவே அவருடைய ஏரி. மற்ற இரண்டும் எங்கும் ஓடிவிடாது.

ஆகவே தம்பிக்குக் கோமோ. அந்த ஏரி கவட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோல் இரண்டு காலை விரித்துக்கொண்டு கிடக்கிறது. கோமோ நகரம் மேற்குக் காலின் நுனியில் இருக்கிறது. பார்க்க வேண்டியதெல்லாம் கால்கள் பிரியும் இடத்தில். பெயரைப் பார்த்துக் கோமோ நகரில் அறை எடுத்துவிட்டு, மெதுவாகப் போகும் படகில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நடு ஏரிக்கு வருபவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். நடு ஏரியிலேயே இருக்கும் வரென்னாவில் தங்குங்கள். மிலான் மத்திய நிலையத்திலிருந்து தீரானோ போகும் ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். எதிரே பெல்லாஜோ, படகில் கால் மணி நேரம். பெல்லாஜோவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்; பத்து மணிக்கு மேல் அதன் படிக்கட்டுச் சந்துகளில் திருவிழாக் கூட்டம். பிற்பகலை வரென்னாவின் வில்லா மொனாஸ்தேரோ தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு கொசுறு: 1954இல் என்ரிக்கோ ஃபெர்மி விரிவுரை நிகழ்த்திய இடம் அது.

இரண்டு இரவு அங்கே. மூன்றாம் நாள் காலை மிலான், அங்கிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்தில் ஃபிளாரன்ஸ், பிறகு தஸ்கனி மலையூரான சியெனா. இந்தக் கடைசிப் பகுதிக்கு ரயிலைவிட பஸ் மேல். சியெனா ரயில் நிலையம் மலையடியில் இருக்கிறது. பஸ் பழைய நகரத்தின் விளிம்புவரை ஏற்றிவிடும். சியெனாவில் இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் பஸ்ஸில் சான் ஜிமிஞ்ஞானோ போய்வரலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பஸ்கள் மிகக் குறைவு. விடுப்பு நான்கு நாளாகச் சுருங்கினால் தஸ்கனியை மறந்துவிட்டு, மிலானுக்கு அருகிலுள்ள பெர்காமோவின் மேல் நகரத்துக்குப் போங்கள். மதில் சூழ்ந்த மலையூர், மேலே ஏற்றிவிடும் கம்பிவட இழுவை ரயில், தெளிவான நாளில் தூரத்தில் ஆல்ப்ஸ். என் கணக்கில் அது குறைந்த பண்டமே அல்ல.

தஸ்கனி என்றதும் எல்லோரும் காட்டும், சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் அந்தப் படத்துக்குரிய வால் தோர்ச்சாப் பள்ளத்தாக்கைக் கார் இல்லாமல் பார்ப்பது வீண் அலைச்சல். கார் எடுப்பதானால், இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஊரிலிருந்தே வாங்கி வந்திருக்க வேண்டும். பழைய நகரங்களின் வாசலில் சிவப்பு வட்டத்துடன் ‘ட்ஸோனா திராஃபிகோ லிமிதாதோ’ (வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி) என்ற பலகை இருக்கும். அனுமதி இல்லாத வண்டி அதைத் தாண்டினால் கேமரா படம் பிடித்துவிடும். ஒரு மலையூரில் விடுதி தேடி அப்படி நுழைந்தேன்; வழி தவறியதும் சுற்றிவந்து மறுபடி அதே வாசலில் நுழைந்தேன். எல்லாம் மறந்துபோன பிறகு, மாதங்கள் கழித்து இரண்டு அபராதக் கடிதங்கள் வந்தன. வாடகைக் கார் நிறுவனம் என் முகவரியைக் கொடுத்ததற்கே தனிக் கட்டணம் பிடித்துக்கொண்டது. காரை மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். நீலக்கோடு கட்டணம், வெள்ளைக்கோடு பெரும்பாலும் இலவசம், மஞ்சள்கோடு நமக்கானது அல்ல.

சைவர்களுக்கு: ரிசோத்தோ சோற்றிலும் மினெஸ்த்ரோனே காய்கறிச் சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கக்கூடும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பைச் சாறு கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். கண்டிப்பானவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். சியெனாப் பக்கம் பூண்டும் தக்காளியும் போட்ட ‘பீச்சி அல்ல்யோனே’ பாஸ்தா நம் நாக்குக்கு ஒத்துப்போகும். பல உணவகங்கள் பிற்பகல் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் ஏழரைக்குத்தான் மறுபடி மூட்டும். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று இருந்தால் அது மேசைக்கட்டணம், ஏமாற்று இல்லை.

பாஸ்போர்ட், வதிவிட அட்டை இரண்டின் அசலும் கையில் இருக்கட்டும். எல்லை நிலையமான கியாஸ்ஸோவில் அதிகாரிகள் சோதனைக்கு ஏறுவது உண்டு. செல்லுபடியாகும் சுவிஸ் வதிவிட அட்டை இருந்தால் தனி விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை போகலாம். அட்டை இன்னும் வரவில்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே என் யோசனை. சுவிஸ் சிம் வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் கிடையாது. புறப்படும் முன் உங்கள் செல்பேசித் திட்டத்தைப் பாருங்கள். காகித உள்ளூர் ரயில் டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட மறந்தால் அபராதம். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 இத்தாலிய விடுமுறைகள். அன்று மிலானே ஏரிக்கரைக்கு வந்துவிடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப்போக நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வரென்னாவும் பெல்லாஜோவும் படிக்கட்டுகள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. அவர்களுக்கு ஸ்த்ரேசாதான் சரி: சமதளமான கரை, நிறைய பெஞ்சுகள், சில நிமிடப் படகில் ஈசோலா பெல்லா தீவு. அங்கே மாளிகைக்குள் படிகள் உண்டு. முடியாதவர்கள் பக்கத்துத் தீவான பெஸ்கதோரியில் காப்பி குடித்துக்கொண்டு உட்காரலாம். இறங்கியதும் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைப் பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.