டிசிடி சோதனை: ஒரே கலவைக்கு மூன்று விடைகள்?

கேள்வி: அமெரிக்காவின் மினசோட்டா சாலைக்கான தார்க் கலவை, தார் பிஜி 58-34 (58 டிகிரி செல்சியஸ் வெப்பமும் மைனஸ் 34 குளிரும் தாங்கும் தரம்). மைனஸ் 24 டிகிரியில் டிசிடி (வட்ட வில்லையில் வெட்டுப் போட்டு, குளிரில் இழுத்து விரிசல் விடவைக்கும் சோதனை) செய்தால், மூன்று வில்லைகளின் முறிவு ஆற்றல் (விரிசல் ஓடத் தேவையான ஆற்றல்) ச.மீட்டருக்கு 520, 410, 330 ஜூல். சராசரி 420 போதுமா?

பதில் 1: வெப்பநிலை சரி, தாரின் கீழ் எல்லைக்கு 10 டிகிரி மேல். குறைந்த போக்குவரத்துக்கு 400 போதும். நடுத்தரத்துக்கு 460, கனரகத்துக்கு 690. ஆனால் இவ்வளவு சிதறலில் சராசரிக்கு அர்த்தமில்லை. வில்லையில் போட்ட வெட்டை அளந்து பாருங்கள்: தட்டை விளிம்பிலிருந்து 62.5 மி.மீ. இருக்க வேண்டும், வெட்டாத மிச்சம் 82.5. ரம்பம் சாய்ந்தால் விரிசல் பக்கவாட்டில் ஓடும், கணக்கிட்ட பரப்பே பொய்.

பதில் 2: காற்றிடம் (கலவைக்குள் இருக்கும் வெற்றிடம்) மூன்றிலும் 7±0.5 சதவீதமா? குளிரறைக் காட்டியை நம்பாதீர்கள். உதிரி வில்லையைத் துளைத்துத் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) செருகுங்கள். இழுக்கும் ஊசி செருகும் துளையில் பனி படிந்தாலும் சுமை கோணும்.

கேட்டவர்: 330 வந்ததில் வெட்டு 4 மி.மீ. கூடுதல். புது வில்லை அறுக்கிறேன்.