தரைவழி எல்லையைத் தாண்ட வாடகைக் காரா, டாக்ஸியா?

நெடுஞ்சாலை:
வெளிநாட்டுப் பயணத்தில் பக்கத்து நாட்டுக்குத் தரைவழியே போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸும் ரயிலும் வேண்டாம். நாமே ஓட்டும் வாடகைக் கார் நல்லதா, டாக்ஸி நல்லதா? நான் கார் கட்சி. நினைத்த இடத்தில் நிற்கலாம், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், பேரம் பேசித் தொண்டை வறளவும் வேண்டாம்.

கைப்பெட்டி:
பெட்டியைப் பார்க்கிறீர்கள், காகிதத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காருக்குச் சொந்தக்காரர் நீங்கள் அல்ல. நிறுவனம் எழுத்தில் அனுமதி தராமல் எல்லையைத் தாண்டினால் அது ஒப்பந்த மீறல். எங்காவது மோதினால் காப்பீடும் கைவிரித்துவிடும், மொத்தச் செலவும் உங்கள் தலையில். அமெரிக்காவில் கார் எடுத்து மெக்ஸிகோவுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். அமெரிக்கக் காப்பீட்டை அங்கே சட்டப்படி ஏற்பதில்லை. மெக்ஸிகோ நிறுவனத்தின் பாலிசியைத் தனியாக வாங்க வேண்டும். எல்லையோரப் பகுதியைத் தாண்டி உள்ளே போனால், பெரும்பாலான இடங்களில் காருக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதியும் கேட்பார்கள்.

நெடுஞ்சாலை:
மெக்ஸிகோவைக் காட்டி உலகத்தையே பயமுறுத்த வேண்டாம். ஐரோப்பாவைப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியாவும் ஷெங்கன் வட்டத்துக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட நாடுகளின் கூட்டத்துக்குள், வந்துவிட்டது. ஸ்லோவேனியாவிலிருந்து நேரே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கைப்பெட்டி:
அதே ஆண்டு அக்டோபரில் ஸ்லோவேனியா அந்த எல்லையில் தற்காலிகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஷெங்கன் என்ற ஒரு சொல்லை நம்பிப் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மூன்றாம்கியர்:
இருவரும் டாக்ஸி என்றால் ஏதோ ஒரே பொருள் என்பதுபோலப் பேசுகிறீர்கள். பல எல்லைகளில் டாக்ஸி இந்தப் பக்கத்து வாசலோடு சரி. இறங்கி, நடந்து, முத்திரை வாங்கி, அந்தப் பக்கத்தில் வேறு வண்டி பிடிக்க வேண்டும். ஜோர்டானிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் கிங் ஹுசைன் பாலத்தில் பயணிகள் காரிலும் போக முடியாது, டாக்ஸியிலும் போக முடியாது. பாலத்தைக் கடக்க பஸ்தான். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூருக்கு டாக்ஸி உண்டு, ஆனால் எல்லை தாண்ட உரிமம் பெற்ற டாக்ஸியாக இருக்க வேண்டும். அங்கே வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி: சிங்கப்பூர்ப் பதிவு எண் கொண்ட கார் வெளியே போகும்போது பெட்ரோல் டாங்கியில் முக்கால் பங்காவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு.

நெடுஞ்சாலை:
பார்த்தீர்களா, டாக்ஸி பாதி வழியில் கைவிட்டுவிடும்!

கைப்பெட்டி:
கைவிட்டால் என்ன, நடந்து போய்விடலாம். கார் வரிசை ஊர்ந்துகொண்டிருக்கும்போது நடப்பவர்களின் வரிசை முன்னே போவதை எத்தனையோ எல்லைகளில் பார்க்கலாம். இன்னொன்று: தாய்லாந்தில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், லாவோஸில் வலப்பக்கம். நோங் காய் பாலத்தைத் தாண்டியதும் பக்கம் மாறும் அந்த இடத்தில், பழக்கமில்லாத ஊரில், பின்னால் லாரி ஹாரன் அடிக்க, நீங்கள்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமா? தினமும் அந்த வழியில் ஓட்டுகிறவர் ஓட்டட்டும்.

மூன்றாம்கியர்:
ஷேர் டாக்ஸியில் உட்கார்ந்தவருக்கு அந்த நிம்மதியும் கிடையாது. டிரைவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிச் சீட்டுக்கட்டுபோல அடுக்கி ஜன்னலுக்குள் நீட்டுவார். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைப்பார். அந்த ஒருவருக்காக வண்டியே ஓரங்கட்டி நிற்கும். டிக்கியில் யாருடைய பை என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கட்டு திரும்பி வந்ததும் வண்டி சீறிக் கிளம்பும். உங்கள் பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று பார்க்கக்கூட விடமாட்டார்கள். முத்திரை குத்தும் நாடாக இருந்து அது விடுபட்டிருந்தால், அடுத்த முறை பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர் அல்ல.

நெடுஞ்சாலை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். சரி, எழுத்தில் அனுமதி, காப்பீடு, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி மூன்றும் கையில் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். பிறகும் உங்கள் ஆட்சேபம் என்ன?

கைப்பெட்டி:
காரை எங்கே விடுவீர்கள்? ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடப் பல நிறுவனங்கள் ஒப்புவதில்லை. ஒப்பினாலும் ஒருவழிக் கட்டணம் வாடகையையே விழுங்கிவிடும். போன வழியே திரும்புகிறவர் தாராளமாகக் கார் எடுக்கட்டும். அப்படியே முன்னே போய்க்கொண்டிருப்பவருக்கு டாக்ஸிதான்.

நெடுஞ்சாலை:
நான் போன வழியே திரும்புகிறவன்.

மூன்றாம்கியர்:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா!