பெரியப்பாவோடு பார்த்த 'அக்ரகாரத்தில் கழுதை'

தியேட்டருக்கே வராத ஒரு படத்தைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் 1977-இல் தமிழில் எடுத்த 'அக்ரகாரத்தில் கழுதை'. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது. பின்னால் தூர்தர்ஷனில் போடுவதாக இருந்து, எதிர்ப்புக்குப் பயந்து அதுவும் நின்றுபோனது.

எங்கள் வீட்டில் தலைப்பே பிரச்சினை. பெரியப்பா காவிரிக்கரை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். "நம்மளைக் கேலி பண்ணத்தான் எடுத்திருக்கான்" என்று பார்க்காமலேயே ஒதுக்கிவிட்டார். திருச்சியில் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், "பார்த்துட்டுத் திட்டுங்கோ பெரியப்பா" என்று கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட ஹால், மடக்கு நாற்காலிகள், நாற்பது பேர் இருந்திருப்போம். புரொஜெக்டர் சத்தத்தில் வசனம் பாதிதான் காதில் விழுந்தது. தாயை இழந்த கழுதைக்குட்டியை எடுத்து வளர்க்கும் பேராசிரியராக வருபவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். கல்லூரியில் கேலி தாங்காமல் அதைத் தன் ஊர் அக்ரகாரத்தில் உமா என்ற ஊமைப் பெண்ணிடம் விட்டுவிட்டு வருகிறார். ஊரில் யார் என்ன செய்தாலும் பழி கழுதை மேல். உமாவுக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. அது கோயில் முன்னால் கிடந்ததற்கும் கழுதைதான் காரணம் என்று அடித்தே கொன்றுவிடுகிறார்கள். அப்புறம் ஊரில் நல்லது நடக்கத் தொடங்கியதும், அதே கழுதைக்குக் கோயில் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

பின்வரிசையில் இருந்த இளைஞர்கள் திரையில் குடுமி தெரியும்போதெல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். பெரியப்பா முன் நாற்காலியின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். கழுதையை அடிக்கும் இடம் வந்தது, சிரிப்பு நின்றது. யாரோ இருமியதுகூடப் பெரிதாகக் கேட்டது. கைதட்டியவர்களும் சரி, படம் வரக் கூடாது என்றவர்களும் சரி, அந்தக் கழுதையைக் கவனிக்கவே இல்லை என்று எனக்கு அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு சாதியை மட்டும் குத்திக்காட்ட எடுத்த படமில்லை அது.

படம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். காபி குடிக்கலாமா என்று கேட்டேன், பதில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து அவரே பேசினார். "எங்க தெருவுல ஒரு பொண்ணைப் பேசிப் பேசியே கிணத்துல விழ வெச்சா. இப்ப அவளுக்கு வருஷா வருஷம் மாவிளக்கு போடறா."

யார் என்று கேட்டேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி. விடு" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாராவது அந்தப் படத்தைத் திட்டினால், "நீ பார்த்தியோ?" என்று மட்டும் கேட்பார். தலைப்பு மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.