ஸ்காலர்ஷிப் வந்துவிட்டதாம், எந்தக் கணக்குக்கு?

ஓ.டி.க்காரன்:
முதலில் என் கதை. கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில் வீடு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை. போன வருடம் என் ஸ்காலர்ஷிப் அனுப்பப்பட்டுவிட்டதாக இணையத்தில் காட்டியது. பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தால் 212 ரூபாய். ஆபீசில் கேட்டால் "அனுப்பிட்டோமே தம்பி", வங்கியில் கேட்டால் "எங்களுக்கு வரலையே". மூன்று வாரம் பந்தாக உருண்டேன். கடைசியில் கவுன்ட்டரில் இருந்த அக்கா ஒருவர்தான், "வேற பேங்க்ல கணக்கு இருக்கா?" என்றார். இல்லவே இல்லை என்று சாதித்தேன்.

ஆதார் தளத்தில் ஓடிபி போட்டுப் பார்த்தால் வேறொரு வங்கியின் பெயர் நிற்கிறது! பிளஸ் டூ முடித்த புதிதில் திருப்பாதிரிப்புலியூரில் முகாம் போட்டு, கைரேகை வாங்கி, ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்து கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏடிஎம் கார்டு உறைகூடப் பிரிக்காமல் அம்மாவின் பீரோவில், புடவைகளுக்கு அடியில் விரித்த பழைய பேப்பருக்குக் கீழே கிடந்தது. பணம் மொத்தமும் அந்தக் கணக்கில்தான்.

ஆதார் வழியாக அனுப்பும் பணம் நாம் விண்ணப்பத்தில் எழுதிய எண்ணைப் பார்ப்பதில்லை. கடைசியாக எந்த வங்கியை மானியத்துக்காக ஆதாருடன் இணைத்தோமோ, அங்கே போய் விழும். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
எனக்குக் கல்விக்கடன். நான்கு லட்சம் வரை அடமானம் கிடையாது என்பது விதி. ஆனாலும் கிளையில் இருந்தவர் எடுத்த எடுப்பிலேயே வீட்டுப் பத்திரம் கேட்டார். அப்பா பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியே விட்டார். நான்தான் வாசலில் மறித்தேன். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்தப் பிரிண்டை நீட்டிய பிறகு பத்திரப் பேச்சே எழவில்லை.

எங்களுக்கு யாரும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், சரி. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கட்டாமல் விட்டால் பின்னால் அசலோடு சேர்ந்துகொள்ளும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தகுதியான படிப்புகளுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கிடைக்கும். அப்பாவின் சம்பளம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. வங்கி இதுவரை கொடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி என்பது ஒரு ஆறுதல். ஒரு லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்றால் மாதம் 833 ரூபாய். தெருப் பிள்ளைகள் நாலு பேருக்கு டியூஷன் எடுத்து அதை அப்படியே கட்டிவிடுகிறேன். அதில் ஒருவன் வாய்ப்பாடு என்றாலே வயிற்றுவலி என்பான், அது வேறு கதை.

பந்தி மன்னன்:
நான் கேட்டரிங் பையன். கடலூரிலும் பாண்டியிலும் பரிமாறாத கல்யாண மண்டபம் குறைவு. ஒரு முகூர்த்தத்துக்கு 500 ரூபாய், சாப்பாடு, போய்வரச் செலவு. விடிகாலை டிபன் பந்திக்கு மூன்று மணிக்கே எழுப்பிவிடுவார்கள். என் வரவு செலவெல்லாம் தமிழ் மாதக் கணக்குதான். வைகாசியிலும் ஆவணியிலும் கையில் காசு புரளும். ஆடியும் மார்கழியும் சுத்தம். செமஸ்டர் ஃபீஸ் கட்டச் சொல்லும் நோட்டீஸ் பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது? அதனால் ஆனி மாதக் காசைத் தொடவே மாட்டேன்.

ஒருநாள் வாளியோடு வரிசையில் வருகிறேன், இலை முன்னால் எங்கள் துறைத்தலைவர். இருவருக்கும் ஒரு கணம் பேச்சு வரவில்லை. அப்புறம் அவரே, "ரசம் கொஞ்சம் ஊத்துப்பா" என்றார். திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்த வாரம் என் அட்டெண்டன்ஸில் எதுவும் குறையவில்லை.

பெயர் வேண்டாம்:
செயலியில் 5,000 ரூபாய் கடன் கேட்டேன். பிடித்தம் போக 3,400 வந்தது. ஏழே நாளில் முழுசாகக் கட்டச் சொன்னார்கள். எட்டாம் நாள் என் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைப்பு, எங்கள் பெரியம்மாவுக்கு உள்பட. கடன் செயலி நம் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. சீனியர் சொல்லி சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். பெரியம்மா வீட்டுக்கு இன்னும் போகவில்லை.

ஓ.டி.க்காரன்:
பெரியம்மாவிடம் முதலில் போய்வாருங்கள், அவர் அதை மறந்திருப்பார். பந்தி மன்னரே, ஐப்பசியில் ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள். வாளி கனம் எனக்குப் பெரிதில்லை, லீவு நாளில் அப்பாவோடு ஐஸ் பெட்டி தூக்கிய கை.