ஹேண்டில் ஒடிச்சா ஃபாக் லைட் அணையுது, வயரிங் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. என் பைக்ல வெளிய வாங்கி மாட்டின எல்இடி ஃபாக் லைட் ரெண்டு, ஒண்ணு 20 வாட்ஸ். ரிலே (ஸ்விட்ச்சோட சின்ன கரண்ட்ல லைட்டோட பெரிய கரண்டை ஆன் பண்ற பெட்டி), 10 ஆம்ப் ஃபியூஸ் எல்லாம் இருக்கு. நேர் ரோட்ல நல்லா எரியுது. ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடிச்சா ரெண்டும் ஒண்ணா அணையுது, சீட்டுக்கு அடியில ரிலே 'டிக்'குன்னு விடுற சத்தம் கேக்குது. நேராக்கினா மறுபடி டிக், எரியுது. ஜமுனாமரத்தூர் மலை ரோட்ல ராத்திரி இந்த வெளையாட்டு வேணாம்.

ரிலேவே விடுறதால, ரிலேல லைட்டுக்கு கரண்ட் போற 30, 87 பின் லைன் மேல எனக்கு சந்தேகம் இல்ல. ஸ்விட்ச்ல இருந்து, ரிலேவை இழுக்குற காயிலோட 86 பின்னுக்கு வர்ற வயர் ஸ்டீயரிங் கழுத்துகிட்ட உள்ள அறுந்து, மேல்தோல் மட்டும் பிடிச்சிட்டிருக்கும்னு நினைக்கிறேன்.

ஆனா மல்டிமீட்டர் இன்னொண்ணும் சொல்லுது. லைட் எரியறப்போ பேட்டரியில 13.9 வோல்ட், லைட் கனெக்டர்ல 12.1. பேட்டரி மைனஸுக்கும் லைட்டோட எர்த் வயருக்கும் நடுவுல மட்டும் 1.4 காட்டுது, அதாவது குறையுற 1.8 வோல்ட்ல பெரும்பகுதி எர்த் பக்கம்தான் போகுது. எர்த்தை பெயிண்ட் அடிச்ச சேஸிஸ் போல்ட்ல கொடுத்திருக்காங்க, வாஷர்ல துரு வேற.

தனி எர்த் வயர் பேட்டரி வரைக்கும் இழுத்தா 1.5 ஸ்கொயர் எம்எம் போதுமா? ரிலே காயில் எர்த்தையும் அதுலயே சேர்க்கலாமா?

இன்னொண்ணு, காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் முறுக்கி டேப் சுத்தாம, கிரிம்ப் பண்ணி (டெர்மினலை வயர் மேல அழுத்திப் பிடிச்சு) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்குற டியூப்) போட்டுத் தர்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாராவது இருக்காங்களா? ஞாயித்துக்கிழமை கடை திறந்திருந்தா ரொம்ப நல்லது.